சாமி பணமும் சங்கத்துப் பணமும்

கூட்டுறவு இயக்கத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் 1904ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி, இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளரையும் ஜெர்மனியின் ரெய்பைசனையும் ஒருமுறை வணங்கிவிட்டு, பிறகு தமிழ்நாட்டிற்கு வந்து சேர்வது வழக்கமாக இருக்கிறது. சட்டத்தின் சரித்திரம் என்ற அளவில் அதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் ஒரு மடையைத் திறப்பதற்கும் ஒரு வாய்க்காலைத் தூர் வாருவதற்கும் நாலு பேர் கூடாமல் முடியாத தஞ்சைத் தரணியில், பொதுப்பணமும் பொதுக்களஞ்சியமும் பொதுக்கணக்கும் ஆயிரம் ஆண்டுகளாக இருந்து வந்திருக்கின்றன என்பதையும், அவற்றுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு தெய்வத்தின் பெயரிலேயே இருந்து வந்திருக்கின்றன என்பதையும் நினைத்துப் பார்க்கும்போது, சட்டத்திற்கு முந்திய ஒரு கேள்வி எழுகிறது. பலர் சேர்த்த பொருள் யாருடையது? சமயம் இதற்கு ஒரு விடை சொல்லிற்று. கூட்டுறவுச் சட்டம் வேறொரு விடை சொல்லிற்று. அவ்விரு விடைகளும் இந்த மண்ணில் எப்படி நடந்தேறின என்பதைப் பற்றியதே இந்த விசாரணை.

பெரிய கோயிலிலிருந்தே தொடங்கலாம். இராசராசன் எடுப்பித்த அக்கற்றளியின் கல்வெட்டுகளில் பக்தியைத் தேடுவோருக்குப் பக்தி கிடைக்கும். வட்டிக் கணக்கைத் தேடுவோருக்கு அதைவிட அதிகமாகவே கிடைக்கும். அரசனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் கொடுத்த காசுகள் கருவூலத்தில் தூங்கவில்லை. அவை சோழமண்டலத்து ஊர்ச் சபைகளுக்குக் கடனாகச் சென்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அல்லது மூன்று குறுணி நெல் வட்டி. அன்றைய நெல் விலைப்படி இரண்டும் ஒன்றே, நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதலைத் திருப்பிக் கேட்பதில்லை; சந்திரனும் சூரியனும் உள்ளவரை வட்டி மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டும். அப்படி வந்த வட்டியில் சுவாமி திருமஞ்சன நீருக்கு ஏலமும் செண்பக மொட்டும் இலாமிச்சையும் வாங்கினார்கள். விளக்குக்குக் கொடுத்த ஆடுகளும் இந்த விதிக்கு உட்பட்டவையே. தொண்ணூற்றாறு ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்புவித்தால் அவர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளந்து ஒரு திருவிளக்கை எரியவைக்க வேண்டும். அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் என்றே கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஆடு சாகும், ஆனால் ஆட்டுக் கணக்குச் சாகாது. இந்த ஏற்பாட்டைக் கால்நடையும் மூலதனமும் நாட்டுப்புறத்தில் பரவியதற்கான வழியாக ஜார்ஜ் ஸ்பென்சர் என்னும் ஆராய்ச்சியாளர் விளக்கியிருக்கிறார். அது ஒப்புக்கொள்ளத் தக்கதே.

ஆயினும் கடன் கொடுத்தவர் யார் என்பதில்தான் தத்துவம் இருக்கிறது. சபையார் அந்தக் காசைக் கோயில் அதிகாரியிடமிருந்து பெறவில்லை, அரசனிடமிருந்தும் பெறவில்லை. சிவபெருமானின் முதல் தொண்டராகிய ஆதிசண்டேசுவர தேவரிடமிருந்து பெற்றதாகவே எழுதிக்கொடுத்தார்கள். கும்பகோணத்துக்கு அண்மையில் உள்ள சேய்ஞலூரில் மணலில் இலிங்கம் அமைத்து வழிபட்ட சிறுவர், அபிடேகத்துக்கு வைத்த பாற்குடத்தை எட்டி உதைத்த தந்தையின் கால்களையே வெட்டியவர். அவரே அந்தச் சண்டேசுவரர். தந்தை என்றும் பாராமல் சாமி சொத்தைக் காத்தவரைக் கருவூலத்தின் காரியஸ்தராக நியமித்த சமயம், தனக்கு எப்படிப்பட்ட பொருளாளர் வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. இன்றும் சிவன் கோயிலில் பிரகாரம் சுற்றி வருகிறவர்கள் அவர் சந்நிதியில் நின்று உள்ளங்கைகளைத் தேய்த்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள். கோயிலிலிருந்து எதையும் எடுத்துச் செல்லவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. தணிக்கைக்குத் தன்னைத் தானே ஒப்புக்கொடுக்கும் இப்படியொரு வழக்கம் எந்தச் சங்கத்தின் துணைவிதியிலும் எழுதப்படவில்லை.

இந்தக் கண்டிப்பு எதுவரை போகும் என்பதற்குப் பெரியபுராணம் ஒரு பயங்கரமான எடுத்துக்காட்டைத் தருகிறது. திருவாரூர்ப் பக்கத்து நாட்டியத்தான்குடியில் கோட்புலியார் என்னும் வேளாளர், சோழனின் சேனாபதி, கோயில் திருவமுதுக்கென்று நெல்லைக் கூடு கூடாகச் சேர்த்து வைத்தார். அதைத் தொடுவதில்லை என்று சுற்றத்தாரிடம் ஆணையும் பெற்றுக்கொண்டு போருக்குப் போனார். பஞ்சம் வந்தது. பட்டினியில் சாவதைவிட இதை எடுத்து உண்டு பிறகு திருப்பி வைத்துவிடலாம் என்று உறவினர் தமக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு நெல்லை எடுத்தார்கள். திரும்பி வந்தவர் தந்தை தாய் உடன்பிறந்தார் என்று ஒருவரையும் விடாமல் வெட்டினார். ஒரு கைக்குழந்தை, அது சோறு உண்ணவில்லையே என்று காவலன் மன்றாடியபோதும், உண்டவளின் பால் குடித்ததல்லவா என்று கேட்டு அதையும் கொன்றார் என்பது வரலாறு. படிக்கிற எவருக்கும் உள்ளம் நடுங்கும். ஆனால் இறைவனுடையது என்று வரையறுக்கப்பட்ட களஞ்சியம் ஊராருடைய களஞ்சியமும்தானா என்ற பிரச்சினையை இவ்வளவு அப்பட்டமாக வைக்கும் கதை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே புராணம் வேறொரு விடையையும் வைத்திருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தரும் அப்பரும் அடியார்களுக்கு அமுதளிக்கும்படி, இறைவனே நாள்தோறும் பீடத்தில் ஆளுக்கொரு பொற்காசு வைத்தார். அப்பருக்குக் கிடைத்த காசு வட்டமின்றிச் செல்லும். சம்பந்தருக்குக் கிடைத்த காசைக் கடைத்தெருவில் வாசி கழித்தே எடுத்துக்கொண்டார்கள். அப்பர் உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் என்பதே இந்த வேறுபாட்டுக்குச் சேக்கிழார் காட்டும் காரணம். உழைப்புக்கு இறைவனிடத்திலும் மேல்மதிப்பு உண்டு என்பது இதன் உட்பொருள். புராணத்திற்குப் புறம்பாக, 11ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆலங்குடியில் பஞ்சம் வந்தபோது, ஊரார் கோயிலின் பொன்னையும் வெள்ளிப் பாத்திரங்களையும் கடனாகப் பெற்று, அதற்கு ஈடாக நிலத்தை எழுதிக்கொடுத்த செய்தியைக் கல்வெட்டு சொல்கிறது. கோட்புலியார் வாளால் விடை சொன்ன அதே வினாவுக்கு ஆலங்குடி ஓர் ஒப்பந்தப் பத்திரத்தால் விடை சொல்லிற்று. என் அபிப்பிராயத்தில் நம் கூட்டுறவு ஆசிரியர்கள் தேடிப் போக வேண்டிய மூதாதையர் ராச்டேலில் மட்டும் இல்லை, ஆலங்குடியிலும் இருக்கிறார்கள்.

சித்தாந்தத்தின் பக்கம் சிறிது திரும்பலாம். உயிருக்கு உடலும் கருவிகளும் உலகமும் நுகர்பொருளும் இறைவனால் கொடுக்கப்பட்டவை என்று சைவ சித்தாந்தம் கொள்கிறது. தனு, கரணம், புவனம், போகம் என்பது அதன் பரிபாஷை. கொடுத்தவன் வேறொருவன் என்றால் எனது என்ற சொல்லுக்கு அங்கே இரவல் அதிகாரமே உண்டு. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், முத்தி பெற்றவனும் அடியார் கூட்டத்தோடு கலந்து, அவர்கள் திருவேடத்தையும் கோயிலையும் இறைவனாகவே கண்டு வழிபட வேண்டும் என்று விதிக்கிறது. தனித்து வீடு பெறுவது அந்நூலுக்கு உடன்பாடன்று. காவிரிக் கரையிலுள்ள திருவாவடுதுறையில் தங்கியிருந்தவராகக் கருதப்படும் திருமூலரோ, கோயிலில் உள்ள கடவுளுக்கு இடுவது நடமாடும் மனிதருக்குச் சேராது, மனிதருக்கு இடுவது கடவுளுக்குச் சேரும் என்ற கருத்தைச் சொல்லி, தானத்தின் திசையையே திருப்பிவிட்டார். வைணவத்தில் உயிர் இறைவனுக்கு உடைமை, கைங்கரியமே அதன் சுபாவம் என்பதும் ஏறக்குறைய இதே நிலைக்கே கொண்டுசேர்க்கும். எல்லாம் அவனுடையது என்ற தத்துவத்திலிருந்து எல்லாம் நம் அனைவருக்கும் பொது என்ற முடிவுக்கு ஓரடி தூரந்தான்.

அந்த ஓரடியை நம் முன்னோர் எடுத்து வைக்கவில்லை. இதை மறைத்துப் பேசுவது ஆராய்ச்சியாகாது. உத்தரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையை நாம் பெருமையோடு எடுத்துக் காட்டுகிறோம். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்துக்கு நிற்கக் கூடாது என்ற விதி இன்றைய சங்கத் தேர்தல்களுக்கும் பொருந்தத் தக்க உயர்ந்த விதிதான். ஆனால் அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையவனையே தகுதியுடையவனாகக் கொள்கிறது. தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களின் வரி நீங்கிய இடங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் அப்பட்டியலில் சாதாரணமாக வந்து போகின்றன. ஆதனூர் நந்தனார் கோயில்களின் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். திருப்புன்கூரில் அவர் வெளியே நின்று பார்ப்பதற்காக நந்தி விலகியதே தவிர வாயில் அவருக்குத் திறக்கவில்லை. பங்கு செலுத்தியும் அங்கத்தினர் ஆகாதவர் என்று கூட்டுறவின் பாஷையில் அவரைச் சொல்ல வேண்டும். பிற்காலத்து மிராசு கிராமங்களில் சமுதாயம் என்ற பெயரில் நிலத்தைப் பொதுவாக வைத்து, சில ஆண்டுகளுக்கொரு முறை கரையீடு செய்து மாற்றிக்கொண்ட ஏற்பாடும் பங்காளிகளுக்குள் நடந்த சமத்துவந்தான். அந்த நிலத்தில் உழுத பண்ணையாள் அச்சமுதாயத்தில் சேர்ந்தவனல்லன்.

வெள்ளைக்காரர் ஆட்சி இந்தக் கட்டுக்கோப்பின் உயிரை வாங்கி உருவத்தை வைத்துக்கொண்டது. ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து வேலைக்கு வராதவரைத் தண்டிக்க 1858இல் ஒரு சட்டமே செய்ய வேண்டியதாயிற்று என்பது ஒன்றே போதும். அதை இங்கே நீட்ட வேண்டியதில்லை.

பிறகு வந்தவர் நிகல்சன் என்னும் ஆங்கிலேய அதிகாரி. சென்னை மாகாண அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி, ஐரோப்பாவின் விவசாய வங்கிகளை ஆராய்ந்து 1895 முதல் 1897 வரை அவர் வெளியிட்ட அறிக்கை பெரியது. ஆனால் அதன் சாரம் ரெய்பைசனைக் கண்டுபிடியுங்கள் என்ற ஒற்றை ஆலோசனையில் அடங்கிவிடும். ரெய்பைசன் ஆழ்ந்த கிறிஸ்தவர். ஒரு கிராமம் ஒரு சங்கம், அங்கத்தினர் அனைவரும் ஒருவர் கடனுக்கு ஒருவர் வரம்பின்றிப் பொறுப்பு, லாபத்தைப் பிரித்துக்கொள்ளாமல் என்றென்றும் பொது நிதியாக விட்டுவைத்தல் என்ற அவருடைய விதிகள் அயலானை நேசிக்கும் கட்டளையிலிருந்து பிறந்தவை. 1844இல் தொடங்கிய ராச்டேல் சங்கத்தின் மரபோ, சமய விஷயங்களில் சங்கம் நடுநிலை வகிக்க வேண்டும் என்றது. நமக்கு வாய்த்த சட்டம் இரண்டையும் கலந்தது. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிராமச் சங்கங்களில் ஐந்தில் நான்கு பேர் விவசாயிகளாக இருக்க வேண்டும், பொறுப்பு வரம்பற்றதாக இருக்க வேண்டும். கிராமத்தின் தார்மிக உறவை மூலதனமாகக் கொண்ட அந்த விதியைப் பதிவாளர் அலுவலகம் ஒன்று மேற்பார்வை செய்யும். நிகல்சன் தேடச் சொன்னது ரெய்பைசனை. அரசாங்கம் நியமித்தது பதிவாளரை. அவ்வாண்டே திருவள்ளூருக்கு அடுத்த திரூரில் முதல் கிராமச் சங்கமும், திருவல்லிக்கேணியில் புகழ்பெற்ற பண்டகசாலையும் தோன்றின.

டெல்டாவில் வரம்பற்ற பொறுப்பு என்பது எப்படிப் பொருந்தும்? ஐந்து வேலி மிராசுதாரும் அரைமா குத்தகைக்காரனும் ஒரே ஜாமீனில் கையெழுத்திட வேண்டும் என்றால், முன்னவர் சங்கத்தில் சேரமாட்டார், அல்லது சங்கத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு சேருவார். இரண்டாவதே பெரும்பாலும் நடந்தது. நிலமில்லாதவருக்கோ ஈடு கொடுக்க ஒன்றுமில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1951-52இல் இந்தியா முழுவதும் நடத்திய கிராமக் கடன் சர்வேயின் அறிக்கை 1954இல் வெளிவந்தபோது, கிராமத்தார் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு மூன்றே சொச்சம் என்றும், லேவாதேவிக்காரர்களின் பங்கு எழுபதை ஒட்டியது என்றும் தெரிந்தது. இந்தத் தோல்விக்குப் பரிகாரமாக அரசாங்கமே சங்கங்களில் பங்குதாரராகச் சேர வேண்டும் என்று அவ்வறிக்கை சொல்லிற்று. சொன்னபடியே நடந்தது. 1960இல் தஞ்சை மாவட்டம் தீவிர விவசாயத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, விதையும் உரமும் கடனும் சங்கத்தின் வழியாகவே வயலுக்கு வந்தன. சங்கம் கிராமத்தில் வேர் பிடித்தது உண்மை. ஆனால் அது மேலிருந்து தண்ணீர் ஊற்றி வளர்த்த வேர்.

இவ்விடத்தில் தஞ்சாவூரில் பிறந்த ஒருவரைப் பற்றி விரித்துப் பேசாவிட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். 1892 ஜனவரி 4ஆம் தேதி ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, கணக்குத் தணிக்கையாளராகத் தொழில் நடத்தி, காந்தியடிகளைச் சந்தித்தபின் கதர் உடுத்து, 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். இயேசுவின் போதனையைப் பற்றியும் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியும் அவர் சிறையில் எழுதிய இரண்டு நூல்களையும் ஒரே நூலின் இரண்டு பாகங்களாகவே நான் வாசிக்கிறேன். இயற்கையிலுள்ள உயிர்களின் வாழ்க்கையைக் கண்டு அவர் பொருளாதாரத்தை ஐந்து படிகளாக வகுத்தார்: பிறரைக் கொன்று வாழ்வது, பிறர் உழைப்பைப் பறித்து வாழ்வது, தன் முயற்சியால் தான் வாழ்வது, தேனீக்களைப் போல் கூட்டத்தின் நலனுக்காக உழைப்பது, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப் பறவையைப் போல் வாழ்வது. கூட்டுறவு என்பது இவற்றுள் நான்காம் படி. உயர்ந்ததுதான், ஆனால் உச்சியன்று; தேனீக்கள் தம் கூட்டுக்கு மட்டுமே சேர்க்கின்றன, அயல் கூட்டாரைக் கொட்டும் குணமும் அவற்றுக்கு உண்டு. உறுப்பினர் நலம் என்ற எல்லைக்குள் நிற்கும் சங்கம், சாதியின் எல்லைக்குள் நின்ற பழைய சபையைவிட எவ்வளவு தூரம் மேலானது என்ற கேள்வியை, கூட்டுறவின் நண்பராக இருந்துகொண்டே கேட்கவைத்தவர் அவர். அவர் தலைமையில் அமைந்து 1949இல் அறிக்கை தந்த காங்கிரஸ் விவசாயச் சீர்திருத்தக் கமிட்டி, நிலவுடைமைக்கு உச்சவரம்பையும் சிறு விவசாயிகளின் கூட்டுப் பண்ணையையும் சிபாரிசு செய்தது. சிபாரிசுகளுக்கு நேரும் கதி அதற்கும் நேர்ந்தது.

இன்றைய தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குள் சற்றுப் போய்ப் பார்க்கலாம். ஒரு பக்கம் யூரியா மூட்டை அடுக்கியிருக்கும். இன்னொரு பக்கம் ரேஷன் கடைக் கணக்கு. நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தாலிக்கொடியை உரசிக்கொண்டிருப்பார். சிட்டாவும் அடங்கலும் கையில் சுருட்டிக்கொண்டு நாலு பேர் திண்ணையில் காத்திருப்பார்கள். அவர்களில் யாரையாவது இந்தப் பணம் யாருடையது என்று கேட்டால், யோசிக்காமல் கவர்மெண்டுப் பணம் என்றே சொல்வார்கள். தாமே பங்குத் தொகை கட்டியவர்கள் என்ற நினைவு அவர்களுக்கு வருவதில்லை. வராததற்கு அவர்களைக் குறை கூறுவதும் நியாயமில்லை. தமிழ்நாட்டில் சங்கங்கள் பல்லாண்டுகள் தனி அலுவலர்களால் நடத்தப்பட்டன. 2006இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி; 2016இல் சிறு குறு விவசாயிகளுக்குத் தள்ளுபடி; 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி. புயலிலும் வறட்சியிலும் அடிபட்டவனுக்கு அது தக்க சமயத்தில் வந்த உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் முதல் அழிகிற நிதியைத் தன் நிதியென்று கருதிக் காக்கும் மனப்பான்மை எவனுக்கும் உண்டாகாது. சாவா மூவா ஆட்டின் கணக்கு இங்கே சில ஆண்டுகளுக்கொரு முறை செத்துப் பிறக்கிறது.

அதே ஊரில், அதே மனிதர்களிடையே, மாரியம்மன் கோயில் பணம் வேறுவிதமாக நடப்பதைப் பார்க்கலாம். குளத்து மீன்பாசி ஏலத்தில் வந்த தொகையும் தலைக்கட்டு வரியில் மிஞ்சியதும் ஊர்ப் பொதுவில் வட்டிக்கு விடப்படும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன் அசலும் வட்டியும் கோயில் வாசலில் வந்து சேர வேண்டும். நாட்டாண்மையும் ஊரும் உட்கார்ந்திருக்க, நோட்டை விரித்துப் பெயர் பெயராக வாசிப்பார்கள். கட்ட முடியாதவன் மனைவி நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுவான், அதுவும் சில வேளைகளில் அந்தக் கூட்டுறவுச் சங்கத்திலேயே. சாமி பணத்துக்குத் தள்ளுபடி கேட்டுப் போராடியவர் எவரையும் நான் அறியேன். அச்சமும் மானமும் பக்தியும் எந்த விகிதத்தில் இதில் கலந்திருக்கின்றன என்று பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றும் இருக்கின்றன. பழைய குறையும் கூடவே இருக்கிறது. வரி வாங்காத தெருவின் பெயர் அந்த நோட்டில் இராது. வரி கொடுக்க எங்களுக்கும் உரிமை வேண்டும் என்று கேட்பது டெல்டாவில் பல கோயில் தகராறுகளின் ஆரம்பம். அயலூரார் அதை வேடிக்கையாக நினைக்கக்கூடும், உள்ளூரார் அப்படி நினைப்பதில்லை.

கடவுள் பெயரின்றியும் இந்தக் கட்டுப்பாடு நிற்க முடியும் என்பதற்குப் பேராவூரணி வட்டாரத்து மொய்விருந்து ஒரு சான்று. ஆனி ஆடி மாதங்களில் பந்தல் போட்டு, கறிச்சோறு பரிமாறி, ஊருக்கொரு நோட்டு வைத்து மொய் எழுதுவார்கள். வந்த தொகைக்கு வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, முறை வரும்போது செய்த மொய்யோடு புது மொய்யும் சேர்த்துத் திருப்பிவிட வேண்டும். பணம் எண்ணும் இயந்திரம் வந்து உட்காரும் அளவுக்கு அது இப்போது பெருகிவிட்டது. வட்டியை மார்க்கமே விலக்கியிருப்பதால் கடன் சங்கத்தின் கணக்கு முறையோடு ஒத்துப் போக இயலாத முஸ்லிம்கள், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பைத்துல்மால் என்னும் பொது நிதி அமைத்து வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். நாகப்பட்டினக் கடற்கரையில் மீனவப் பஞ்சாயத்து ஊர்வரி வாங்கிக் கோயிலையும் கடலையும் ஒரே கணக்கில் நிர்வகிக்கிறது. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

உறுப்பினராகவே முடியாதவர்களுக்குச் சமயத் தத்துவம் என்ன செய்தது என்ற கேள்விக்கு இனிதான் வர வேண்டும். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தும் கூலித் தகராறுகள் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அதன்பின் இப்பகுதிக்கு வந்து தங்கியவர்கள் சர்வோதய இயக்கத் தலைவர் வினோபாவின் சீடர்களான ஜகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும். நிலமெல்லாம் ஆண்டவனுடையது, ஆகவே ஊரார் தம் நிலத்தைப் பொதுவில் ஒப்படைக்கும் கிராமதானத்தில் அது கிராம சபைக்கே உரியது என்பது வினோபாவின் வாதம்; சண்டேசுவரரிடம் கடன் வாங்கிய சோழ நாட்டுக்கு அது புதிய வாதமன்று, எல்லைகளைத் தூக்கிய பழைய வாதமே. 1867இல் வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டிய வள்ளலாரின் ஜீவகாருண்யமே கிருஷ்ணம்மாளுக்கு வழிகாட்டி. அருட்பெருஞ்ஜோதி மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே அவர் மிராசுதார் வீட்டுப் படியேறினார். பினாமிப் பெயர்களில் சிலர் அனுபவித்து வந்த கோயில் நிலத்தை உழைப்பவருக்கே குத்தகைக்கு விட வேண்டும் என்று 1970களில் வலிவலத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. தேவாரம் பெற்ற அந்தத் தலத்தில், சுவாமியின் நிலத்துக்காகச் சுவாமியின் பெயரைச் சொல்லியே நடந்த போர் அது. 1981இல் அவர்கள் தொடங்கிய உழுபவனின் நில விடுதலை இயக்கம், லாப்டி என்று வழங்குவது, வங்கிக் கடன் பெற்று மிராசுதாரிடம் நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்ற அளவில் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்துகொடுத்தது. பல பெண்கள் கூட்டாகக் கடனுக்குப் பொறுப்பேற்றார்கள். ரெய்பைசனின் ஜாமீன் விதி, அவர் பெயரைக் கேட்டறியாத தலித் பெண்களின் கையெழுத்தில்தான் டெல்டாவில் உயிரோடு நடந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனாலும் ஓர் ஏக்கர் கைக்கு வந்தபின் அவரவர் தனித்தனிச் சொந்தக்காரர்களே. வினோபா கருதிய கிராம உடைமை இங்கே உண்டாகவில்லை. அது குறையா, நிலமற்றவரின் நியாயமான ஆசையா என்பதில் சர்வோதயத்தாருக்குள்ளேயே கருத்து வேற்றுமை இருக்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பொதுவில் வைத்த பொருளிலிருந்து விலக்கப்பட்டவளிடம், முதன்முதலாகக் கிடைத்த பட்டாவையும் பொதுவில் வை என்று சொல்வதற்கு எவருக்கும் வாய் வராது என்றே நான் கருதுகிறேன்.

மீதியிருப்பது கோயில் நிலம். தமிழ்நாட்டில் அறநிலையத் துறையின் மேற்பார்வையில் உள்ள கோயில்களுக்கும் மடங்களுக்கும் ஏறக்குறைய 4.78 லட்சம் ஏக்கர் நிலம் உண்டு; அதில் பெரும் நன்செய்ப் பகுதி காவிரிப் படுகையில் இருக்கிறது. 1961இல் பொது அறக்கட்டளை நிலங்களுக்கென்று தனிச் சட்டமும், 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தன. இருந்தும் பதிவேட்டில் குத்தகைதாரர் ஒருவர், அவரிடம் வாரத்துக்கு வாங்கி உழுபவர் வேறொருவர் என்பது இங்கே சகஜம். உழுபவர் பயிர்க்கடனுக்குச் சங்கத்துக்குப் போனால் அடங்கலில் பெயர் எங்கே என்று கேட்கிறார்கள். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் கோயிலின் குத்தகை ரசீது எங்கே என்று கேட்கிறார்கள். கோயில் ஆபீசுக்குப் போனால் பழைய பாக்கியைப் பதிவுக்காரர் கட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். நிலம் சுவாமியுடையது, கடன் சங்கத்துடையது, பெயர் பதிவுக்காரருடையது. குறுவைக்கு மேட்டூரைத் திறந்துவிட்ட செய்தி வந்ததும் உழுபவர் நடவுக்கூலிக்கு நூற்றுக்கு மூன்று, மாத வட்டிக்கு, தனியாரிடம் வாங்குகிறார். இராசராசன் காலத்துச் சபையார் ஆண்டுக்குக் கொடுத்ததை அவர் ஏறக்குறைய நான்கே மாதத்தில் கொடுத்து முடிக்கிறார். இத்தகைய உழவர்களைக் கோயில்வாரியாக ஒரு குத்தகைச் சங்கமாகப் பதிவு செய்து, சங்கத்தின் பெயரிலேயே நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, சங்கத்தின் ஜாமீனிலேயே பயிர்க்கடனும் கொடுப்பதற்கு அறநிலையத் துறையும் கூட்டுறவுத் துறையும் ஒரு மேஜையில் உட்கார வேண்டும்.